அம்மனைக் காங்கலியே!

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சரிபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதிலிருந்து எல்லோருக்கும் விண்டோஸ் 11 வேண்டும்.

பத்தமடைப் பக்கம் ஒரு பெரியவர். அம்மன் கோயில் கொடை விழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரிக் கணக்கு அவர் கையில். அவருடைய லேப்டாப்பில் சி டிரைவில் இடம் போதாமல் அப்கிரேடு பாதியில் நின்றது. கணக்குதான் டி டிரைவில் இருக்கிறதே என்ற தைரியத்தில், நான் சி-யை பார்மட் அடித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மறுநாள் ஷட்டரைத் தூக்குமுன் வந்து நிற்கிறார். "தம்பி, அம்மனைக் காங்கலியே!"

திறந்து பார்த்தால், 'அம்மன்' இருந்த இடத்தில் ஆங்கிலத்தில் எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, டி, இன்னொரு அரைப்புள்ளி. பதினைந்து வருடக் கணக்கும் இப்படியே. தொகை மட்டும் பளிச்சென்று தெரிகிறது. யார் கொடுத்தது, யார் பாக்கி? தெரியவில்லை.

கொடையில் கணியான் கூத்து பார்த்திருப்பீர்கள். பெண் வேடம் கட்டி ஆடுகிறவர் ஆண்தான். பாமினி எழுத்துரு செய்வதும் அதே வேலை. ஃபைலுக்குள் கிடப்பது ஆங்கில எழுத்து, அதற்குத் தமிழ் வேடம் கட்டிவிடுவது பாமினி. அது குடியிருந்த சி டிரைவை நான் துடைத்துவிட்டேன், வேடம் கலைந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். பாமினியை மறுபடி ஏற்றினேன், அம்மன் வந்துவிட்டாள். பெரியவர் திரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்!

அதனால்தான் சொல்கிறேன், சி டிரைவைத் தொடுமுன் ஃபைலோடு எழுத்துருவையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுங்கள். எழுத்துருவையும்! முடிந்தால் பழைய கணக்கை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். யூனிகோடில் அடித்தால் 'அ' என்பது எந்த மெஷினிலும் 'அ'தான். தமிழக அரசே 2010-லேயே ஏற்றுக்கொண்டது, நம் கல்யாணப் பத்திரிகைக்காரர்கள்தான் இன்னும் பாமினியை விடமாட்டேன் என்கிறார்கள். அதைப் பேச ஆரம்பித்தால்... சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள்.

சுருக்கமாக, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய லேப்டாப்பை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. சிலவற்றில் அது, விண்டோஸ் வருமுன் திறக்கும் பயாஸ் அமைப்பில் அணைந்து கிடக்கும், பார்த்துவிட்டு அப்புறம் புதுசு வாங்குங்கள். டிரைவைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால், அதைத் திறக்கும் 48 இலக்க மீட்பு எண்ணை முதலில் தாளில் எழுதி வையுங்கள். பார்மட் அடிக்காமல் அப்கிரேடு செய்திருந்தால், பிடிக்கவில்லை என்று பழையதற்குத் திரும்ப 10 நாள்தான் தவணை. பழைய பிரிண்டர் படுத்தும் பாட்டைப் பற்றித்தான் முக்கியமாகப் பேச வந்தேன், நேரம் போய்விட்டது. வணக்கம்.