உட்காரும் நேரமும் மோதும் நொடியும்

நேயர்களுக்கு என் வணக்கம். பேருந்து இருக்கை, சோபா, மெத்தை, தலைக்கவசத்தின் உட்புறம் என்று நாள்தோறும் நம் உடலோடு ஒட்டியிருக்கும் பாலியூரித்தேன் நுரைப்பஞ்சைப் பற்றி, அதாவது கடையில் ‘ஃபோம்’ என்று கேட்டு வாங்குகிறோமே அந்தப் பொருளைப் பற்றி, இன்று பேச வந்திருக்கிறேன். இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் எல்லோரும் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான்: சொகுசாகவும் இருக்க வேண்டும், பாதுகாப்பாகவும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பதையும், அந்த மோதலைத் தீர்ப்பதே எங்கள் வேலையின் பெரும்பகுதி என்பதையும் விளக்கிச் சொல்ல விரும்புகிறேன்.

போர் விமானத்துக்கு ஆபத்து நேர்ந்தால் விமானியை இருக்கையோடு சேர்த்து வெளியே எறியும் ஏற்பாடு உண்டு. அந்த இருக்கையில் தடித்த, மெத்தென்ற திண்டு ஒன்றை வைத்தால் அவருடைய முதுகு காப்பாற்றப்படும் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மை நேர்மாறானது. இருக்கை மேலே கிளம்பும்போது முதலில் திண்டுதான் நசுங்குகிறது. விமானியின் உடல் இன்னும் அசைவதில்லை. திண்டு முழுவதும் நசுங்கித் தீர்ந்த கணத்தில், அதற்குள் வேகம் பிடித்துவிட்ட இருக்கை அவருடைய முதுகெலும்பின் அடியில் வந்து இடிக்கிறது. திண்டு இல்லாமலே இருந்திருந்தால் விழும் அடியைவிட இது கடுமையானதாக இருக்கக்கூடும். ஆனாலும் வெறும் பலகையில் பல மணி நேரம் அமர்ந்து ஒருவரால் விமானம் ஓட்ட முடியாது.

அப்படியானால் மெதுவாக அழுத்தும்போது இளகி வழிவிடவும், திடீரென்று மோதும்போது விறைத்து நிற்கவும் தெரிந்த ஒரு பொருள் வேண்டும். அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்துக்காக 1966-ஆம் ஆண்டில் சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் விமான இருக்கைகளுக்கென்று உருவாக்கிய நுரைப்பஞ்சு இத்தகையதுதான். இன்று ‘மெமரி ஃபோம்’ என்று விளம்பரங்களில் வரும் மெத்தை அதன் வழிவந்தது. கையை அழுத்தி எடுத்தால் பதிந்த தடம் சிறிது நேரம் நின்று பிறகு மறைவதைப் பார்த்திருப்பீர்கள். வாங்குபவருக்கு அது ஒரு வேடிக்கை. எங்களுக்கோ, வாங்கிய ஆற்றலை அந்தப் பொருள் உடனே திருப்பி எறிவதில்லை என்பதற்கான சாட்சி.

இது எப்படி நிகழ்கிறது? பாலியூரித்தேனின் அடிப்படை வேதியியலை 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தனர். பாலியால் என்ற நீர்மமும் ஐசோசயனேட் என்ற நீர்மமும் இணைந்து நெடிய மூலக்கூறுகளாகின்றன. கலவையில் உள்ள சிறிதளவு தண்ணீரோடும் ஐசோசயனேட் வினைபுரிந்து கரியமில வாயுவை வெளிவிடுகிறது. அந்த வாயுவால் கலவை, புளித்த மாவைப் போலப் பொங்கி எழுகிறது. வாயு முந்திக்கொண்டால் நுரை எழும்பிச் சரிந்துவிடும்; கெட்டிப்படுதல் முந்திக்கொண்டால் நுரைக்குள் இருக்கும் சிறு காற்றறைகள் திறக்காமல் மூடிக்கொண்டு, ஆறும்போது கட்டி முழுவதும் சுருங்கிப்போகும். இரண்டையும் சம வேகத்தில் ஓடவைப்பதற்காகத்தான் வினையூக்கிகளையும் சிலிக்கோன் சேர்மங்களையும் மிகக் குறைந்த அளவில் சேர்க்கிறோம். எந்தப் பாலியாலைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த மூலக்கூறுகள் துள்ளும் இயல்பு பெறுகின்றன, அல்லது மந்தமாக நகரும் இயல்பு பெறுகின்றன.

அந்த மந்தத்தன்மை வெப்பநிலையைச் சார்ந்தது என்பதை நம் ஊரில் அதிகம் பேச வேண்டும். மெமரி ஃபோம், அறை வெப்பநிலையை ஒட்டித்தான் விறைப்பிலிருந்து இளக்கத்துக்கு மாறும்படி வடிவமைக்கப்படுகிறது. குளிர்நாட்டு அறையொன்றை மனத்தில் வைத்துத் தயாரித்த கலவை, வேலூரின் மே மாதத்தில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இளகி, படுத்தவரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பார்முலா ஒன் பந்தயக் கார்களில் ஓட்டுநரின் தலையைச் சுற்றிப் பொருத்தும் இத்தகைய பஞ்சிலேயே, பந்தய நாளின் வெப்பத்துக்கேற்ப வெவ்வேறு வகைகளைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு வார இறுதிப் பந்தயத்துக்கே அவ்வளவு கவனம் என்றால், பத்தாண்டு உழைக்க வேண்டிய மருத்துவமனை மெத்தைக்கு நம் வெயிலைக் கணக்கில் கொள்ளாமல் இருப்பது எனக்கு ஏற்புடையதன்று.

தலைக்கவசம் வாங்கும்போது பலர் உட்புறத்தை விரலால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று இருந்தால் நல்லது என்று முடிவு செய்கிறார்கள். அந்த மெல்லிய ஃபோம் பொருத்தத்துக்காகவும் சுகத்துக்காகவும் வைக்கப்பட்டது. விபத்தில் உயிரைக் காப்பது அதற்கு வெளியே இருக்கும் கெட்டியான வெள்ளை அடுக்கு. பெரும்பாலும் அது தெர்மாகோல் வகையைச் சேர்ந்தது. ஒருமுறை நொறுங்கி, அடியின் ஆற்றலைத் தானே விழுங்கி, மீண்டும் எழாமல் போவதே அதன் கடமை. ஐ.எஸ். 4151 என்ற இந்தியத் தரக்குறியைப் பார்த்து வாங்குங்கள்; பலமான அடி பட்ட கவசத்தை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மீண்டும் அணியாதீர்கள்.

இனி, நெருப்பு. இதைத் தாண்டிச் செல்ல எனக்கு மனம் வராது. நுரைப்பஞ்சு என்பது பெரும்பாலும் காற்று; மெல்லிய இழைகளுக்கிடையே காற்று நிறைந்திருப்பதால் தீ அதில் மிக வேகமாகப் பரவுகிறது. எரியும்போது கார்பன் மோனாக்சைடும், மூலக்கூறில் நைட்ரஜன் இருப்பதால் ஹைட்ரஜன் சயனைடும் வெளிவருகின்றன. 1979 மே 8 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் உள்ள உல்வொர்த் கடையில், விற்பனைக்கு வைத்திருந்த மெத்தை நாற்காலிகளில் பற்றிய தீயில் 10 பேர் இறந்தனர். வீட்டு அறைகலன்களுக்கான கடுமையான தீத்தடுப்பு விதிகள் அந்நாட்டில் 1988-இல் வந்தன. விமான இருக்கைகளுக்கு அமெரிக்கா 1984-இல் விதி வகுத்து, மூன்றாண்டுகளுக்குள் பழைய இருக்கைகளையும் மாற்றச் சொன்னது. அதற்கான சோதனையில் எண்ணெய்ச் சுடரை இரண்டு நிமிடம் இருக்கைத் திண்டின்மேல் பாய்ச்சுகிறார்கள். திண்டு தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது. பஞ்சுக்கும் மேலுறைக்கும் இடையே தீயைத் தடுக்கும் துணியடுக்கு ஒன்றைச் சுற்றுவதே பலரும் கண்ட வழி. பஞ்சிலேயே இரசாயனங்களைக் கலப்பதைவிட இந்த வழியையே நான் விரும்புகிறேன். பயணியின் சுகமும் கெடுவதில்லை, தப்பிக்கச் சில நிமிடங்களும் கிடைக்கின்றன.

ஆபத்து, பொருள் கடைக்கு வரும் முன்னரே இருக்கிறது. புதிதாக வார்த்த பெரிய கட்டியின் நடுப்பகுதி 150 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடாகும்; அதை உடனே அடுக்கி வைத்தால் நள்ளிரவில் தானாகவே பற்றிக்கொள்ளக்கூடும். ஐசோசயனேட் ஆவியைச் சுவாசித்து ஒவ்வாமை பிடித்த தொழிலாளிக்குப் பிறகு மிகச் சிறிய அளவே ஆஸ்துமாவைத் தூண்டப் போதும். காற்றோட்டமும் முகக்கவசமும் செலவுக் கணக்கில் வெட்டப்படக் கூடாதவை.

நிறைவாக, வீட்டில் படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ இருக்கும் நோயாளியைப் பராமரிப்பவர்களுக்கு ஒன்று. கடைக்காரர் சொல்லும் ‘டென்சிட்டி’ என்பது ஒரு கன மீட்டர் பஞ்சின் எடையே தவிர, அதன் கடினத்தன்மை அன்று. அது பஞ்சு எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கான குறிப்பு மட்டுமே. படுக்கைப்புண் வராமல் தடுக்குமா என்பதை உங்கள் கையே சொல்லும். நோயாளி அமர்ந்தோ படுத்தோ இருக்கும்போதே, உட்காரும் எலும்புக்கோ வாலெலும்புக்கோ நேர் கீழே, திண்டுக்கு அடியில் உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி கையை நுழைத்துப் பாருங்கள். கைக்கும் எலும்புக்கும் நடுவே ஓர் அங்குலப் பஞ்சுகூட மிஞ்சவில்லை என்றால், அது வெளியிலிருந்து பார்க்க எவ்வளவு புதிதாக இருந்தாலும், அன்றே மாற்றிவிடுங்கள். வணக்கம்.