ஆரஞ்சுத் தோல் உலோகத்தைப் பிடிக்கும். பிடித்ததை என்ன செய்வது?

வணக்கம் நண்பர்களே. இந்தக் குவளையைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன், வெறும் தண்ணீர் மாதிரிதானே இருக்கிறது? இதில் லிட்டருக்கு 0.4 கிராம் மயில்துத்தம், அதாவது செம்பு சல்பேட், கரைத்திருக்கிறேன், கணக்குப் பார்த்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 100 மில்லிகிராம் செம்பு. கொஞ்சம் தனியாக எடுத்து அம்மோனியா சில சொட்டு விடுகிறேன். சரி, இப்போது மேலிருந்து பாருங்கள், நீலம் தெரிகிறதா? செம்பாவது இப்படி முகம் காட்டும். காரீயமும் காட்மியமும் கரைந்திருந்தால் நிறமும் வராது, வாடையும் வராது. குடிநீரில் காரீயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம், காட்மியத்துக்கு 0.003 தான். சாதாரணக் கழிவை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும், உலோகத்தைத் தின்று தீர்க்க எந்த உயிரும் இல்லை, அது மண்ணிலும் மீனிலும் நம் எலும்பிலும் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும்.

ஆலைக் கழிவுநீரில் வழக்கமாகச் சுண்ணாம்பு போட்டு உலோகத்தைப் படிய வைப்பார்கள். அளவு அதிகமாக இருக்கும்வரை அது நன்றாக வேலை செய்யும், ஆனால் கடைசியில் மிஞ்சுகிற கொஞ்சத்தை எடுக்கத் திணறும், கசடும் மலைபோலக் குவியும். அந்தக் கடைசிக் கொஞ்சத்துக்குத்தான் நெல் உமி, மரத்தூள், தேங்காய் நார், பழத்தோல் எல்லாம் கைகொடுக்கும் என்கிறார்கள், நானும் அதை நம்புகிறேன்.

இது ஆரஞ்சுத் தோல். காயவைத்து அரைத்து, நீர்த்த காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கழுவுகிற தண்ணீர் தெளிகிறவரை கழுவியது. முதல்முறை செய்தபோது இந்தக் கழுவலை விட்டுவிட்டேன், செம்பு குறைந்தது, ஆனால் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது, ஏனென்றால் தோலில் இருக்கிற கரையும் பொருளெல்லாம் தண்ணீருக்குள் இறங்கிவிடும். ஒரு மாசை எடுக்கப்போய் இன்னொரு மாசைக் கலந்த கதை.

5 கிராம் தூளை ஒரு லிட்டரில் போட்டு ஒரு மணி நேரம் கலக்கினேன். உள்ளே என்ன நடக்கிறது என்றால், தோலில் பெக்டினும் செல்லுலோஸும் இருக்கின்றன, அதிலும் பெக்டினில் கார்பாக்சில் தொகுதிகள், அதாவது உலோகம் ஒட்டிக்கொள்ளும் இடங்கள், ஏராளம், அவற்றில் ஏற்கெனவே சோடியமோ கால்சியமோ ஒட்டிக்கொண்டிருக்கும், செம்பு வந்து அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். வடிகட்டியது மாதிரி நினைக்காதீர்கள், இது இடம் மாற்றுவது. அதனால்தான் தண்ணீர் அமிலமாக இருந்தால் காரியம் கெடும்: ஹைட்ரஜன் அயனிகள் முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடும். காரீயத்துக்கும் செம்புக்கும் பிஎச் (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5 பக்கம் இருந்தால் நல்லது. அறுமதிப்புக் குரோமியம், அதாவது குரோமியத்தின் நச்சு வடிவம், நேர் எதிர், அது தண்ணீரில் எதிர்மின் சுமையோடு திரிவதால் பிஎச் 2 பக்கம்தான் நன்றாக ஒட்டும். ஒரே தூளை எல்லாக் கழிவுநீருக்கும் பரிந்துரைப்பவர்களை நம்பாதீர்கள்.

அப்புறம் இந்தச் சதவீதம். ‘99 சதவீதம் நீக்கியது’ என்று எங்கே படித்தாலும் எவ்வளவு தூள் போட்டார்கள் என்று தேடிப் பாருங்கள். லிட்டருக்கு 10 மில்லிகிராம் காரீயம் உள்ள 100 மில்லி நீரில் மொத்தமே 1 மில்லிகிராம்தான் இருக்கிறது, அதற்கு 1 கிராம் தூளைக் கொட்டினால் 99 சதவீதம் வருவது பெரிய விஷயமா? ஒரு கிராம் தூள் எத்தனை மில்லிகிராம் பிடிக்கிறது, அதைக் கேளுங்கள். கிராமுக்கு 25 மில்லிகிராம் பிடிக்கிற தூள் என்றால், லிட்டருக்கு 50 மில்லிகிராம் காரீயம் உள்ள 1000 லிட்டருக்கு 2 கிலோ வேண்டும். அதுவும் காரீயம் மட்டும் இருந்தால்தான், நிஜக் கழிவுநீரில் கால்சியமும் எண்ணெயும் மற்ற உலோகங்களும் அதே இடங்களுக்கு முட்டிமோதும்.

சரி, இதோ வடித்த தண்ணீர், அம்மோனியா விட்டும் நீலம் கண்ணுக்குத் தெரியவில்லை. பலரும் இங்கேயே கேமராவை அணைத்துவிடுகிறார்கள், எனக்கு அது பொறுக்கவில்லை. செம்பு எங்கேயும் போகவில்லை, இந்தப் பச்சை படிந்த தூளில் இருக்கிறது. இதை உரக்குழியில் போட்டால் மண்ணுக்குப் போகும். எரித்தால் சாம்பலில் இன்னும் அடர்த்தியாகச் சேரும், பாதரசம் பிடித்த தூளாக இருந்தால் ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும்.

நான் செய்தது இது: கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, தூளை 50 மில்லி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தேன், முன்பு சொன்ன அதே ஹைட்ரஜன் அயனிகள் இப்போது செம்பைத் தள்ளிவிடும். ஒரு லிட்டரில் பரவிக் கிடந்த செம்பில் பெரும்பகுதி இந்தச் சின்னப் போத்தலுக்குள் வந்துவிட்டது, இப்போது நிறம் வெறும் கண்ணுக்கே தெரிகிறது பாருங்கள். தூளைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாம், ஒவ்வொரு சுற்றிலும் பிடிப்பு கொஞ்சம் குறையும், அடுத்த காணொளியில் அதை அளந்து காட்டுகிறேன்.

போத்தலுக்குள் நேற்று ராத்திரி ஓர் இரும்பு ஆணியைப் போட்டு வைத்தேன். வெளியே எடுக்கிறேன். இந்தச் சிவப்புப் படலம் இருக்கிறதே, இதுதான் அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த செம்பு.