பெயரை மூடிவிட்டுப் பாருங்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நம் வீட்டுப் பரணிலிருந்தே தொடங்குகிறேன். பாட்டிக்குச் சீராக வந்த பித்தளைக் குடத்தின் கழுத்தில் அவர் பெயர் இருக்கும். சிற்றுளியை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டிய எழுத்து அது. அம்மாவின் எவர்சில்வர் குடத்தில் இருப்பது, பாத்திரக்கடையில் மின்கருவியால் 'டர்ர்' என்று வெட்டிக் கொடுத்த பெயர். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே எது எந்தக் காலத்து எழுத்து என்று சொல்லிவிடலாம். பழைய போர்ச் சின்னங்களைச் சேகரிப்பவன் நான். அவற்றில் வெட்டியிருக்கும் பெயர் அந்தக் காலத்ததா, பிறகு சேர்த்ததா என்று கண்டுபிடிப்பதுதான் இன்று நான் பேச வந்திருக்கும் பொருள்; அதற்கு அந்த விரல்தான் முதல் கருவி.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் கடற்படை தன் வீரர்களுக்குப் போர்ச் சின்னங்கள் வழங்கியது. சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ்கள். நீர்மூழ்கி வீரர்களுக்கான சின்னம் 1939 அக்டோபர் 13 அன்று அறிவிக்கப்பட்டது. நார்வே நாட்டின் நார்விக் துறைமுகத்தில் நடந்த சண்டைக்குப் பிறகு, 1940 ஜூன் 4 அன்று நாசகாரிக் கப்பல்களுக்கான சின்னம் வந்தது. கடற்கண்ணிகளை அகற்றும் கண்ணிவாரிக் கப்பல்கள், துணைப் போர்க்கப்பல்கள், பெரும் போர்க்கப்பல்கள், விரைவுப் படகுகள் என்று மற்றவை அடுத்தடுத்து வந்தன. நீர்மூழ்கிச் சின்னம் பெறப் பொதுவாக இரண்டு போர்ப் பயணங்கள் முடித்திருக்க வேண்டும்.

இவற்றில் அரசு யாருடைய பெயரையும் பொறிக்கவில்லை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசு தன் பதக்கங்களின் விளிம்பில் வீரனின் எண், பெயர், படைப்பிரிவு எல்லாவற்றையும் தானே பொறித்துத் தந்தது. ஜெர்மன் பேட்ஜின் பின்புறம் வெறுமையாகவோ, தயாரிப்பாளர் முத்திரையோடோதான் வந்தது. அதில் பெயரோ படகு எண்ணோ தேதியோ இருந்தால், வாங்கியவரோ அவர் வீட்டாரோ சொந்தக் காசில் வெட்டிக்கொண்டது. ஆகவே அதற்கு அரசுப் பதிவேடு கிடையாது. பொய்ப் பெயர் நுழைகிற வாசல் இதுதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இவை நாஜி அரசின் சின்னங்கள். கழுகின் காலடியில் ஸ்வஸ்திகா இருக்கிறது. இன்றைய ஜெர்மன் சட்டம் அதைப் பொதுவில் காட்டத் தடை விதிக்கிறது; ஆய்வு, கல்வி போன்றவற்றுக்கே விலக்கு. நான் இவற்றை ஆவணங்களாகத்தான் வைத்திருக்கிறேன். வரவேற்பறையில் அடுக்கிவைக்கிற பொருள்கள் அல்ல இவை.

இனி என் இழப்பைச் சொல்கிறேன். ஒரு விரைவுப் படகுச் சின்னம் வாங்கினேன். பின்னால் அழகான எழுத்தில் ஒரு பெயர், அடியில் 1941 என்று ஆண்டு. பெயரைப் பார்த்ததும் மனம் ஓடிவிட்டது. அந்த மனிதனின் வயது என்ன, எந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்பினான் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் முன்புறத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அது இரண்டாம் வடிவம். புதுவகைப் படகின் உருவத்தோடு 1943 ஜனவரியில் வந்தது. 1941 மே மாதம் அறிமுகமான முதல் வடிவத்தில் படகே வேறு. சின்னம் அசல்தான். பெயரும் ஆண்டும் விலையை ஏற்றுவதற்காகப் பிறகு வெட்டப்பட்டவை என்பதே என் முடிவு. ஒரு நல்ல பழம்பொருளைக் கெடுத்திருக்கிறார்களே என்ற வருத்தம் இன்னும் ஆறவில்லை.

அன்றுமுதல் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பெயர் உள்ள பகுதியில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மூடிவிடுவேன். பெயரே இல்லை என்றாலும் இந்தச் சின்னம் அசலாக நிற்குமா? தொடக்கக் காலச் சின்னங்கள் டோம்பாக் என்னும், செம்பு மிகுந்த பித்தளையில் பொன்முலாம் பூசியவை. போர் நீள நீளத் துத்தநாகத்துக்கு மாறினார்கள். அதன்மேல் பூசிய மெல்லிய முலாம் பெரும்பாலும் போய், இன்று சாம்பல் நிறமாக இருக்கும். துத்தநாகச் சின்னத்தில் 1939 என்று தேதி இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஸ்வஸ்திகா இல்லாத ஒன்று கிடைத்தால் அது போலி என்று தள்ள வேண்டாம். 1957-இல் வந்த மேற்கு ஜெர்மன் சட்டப்படி, முன்னாள் வீரர்கள் அணிவதற்காகச் செய்யப்பட்ட வடிவம் அது. ஆனால் அதைப் போர்க்காலப் பொருள் என்று விற்றால் பொய்.

பிறகு காகிதத்தை எடுத்துவிட்டுப் பத்து மடங்கு லென்ஸை வைப்பேன். கையால் உளியைத் தள்ளி வெட்டிய கோடு பள்ளத்தாக்கு மாதிரி இருக்கும். நுனியில் மெலியும், வளைவில் ஆழம் மாறும். அதிரும் மின்கருவியின் கோடு புள்ளிப்புள்ளியாக ஓடும். அச்செழுத்துத் தகட்டைப் பின்பற்றி வெட்டும் கருவியின் கோடு ஒரே ஆழத்தில், முனை மழுங்கி நிற்கும். அப்புறம் கீறல்களைத் தேடுவேன். எண்பது வருடப் பொருளின் முதுகில் கீறல் இல்லாமல் இருக்காது. பழைய கீறல் எழுத்தின்மேல் ஏறிப் போகிறதா, எழுத்து அந்தக் கீறலை அறுத்துக்கொண்டு போகிறதா? எல்லாக் கீறலையும் எழுத்து அறுத்திருந்தால் எழுத்துதான் கடைசியாக வந்தது. துத்தநாகத்தில் புது வெட்டு வெள்ளிபோல் மின்னும். அதை மறைக்க ரசாயனம் போட்டுக் கறுப்பாக்குவார்கள். ஆனால் இயற்கையான கறுப்பு பள்ளத்துக்குப் பள்ளம் மாறும். போட்ட கறுப்பு எங்கும் ஒரே மாதிரி இருக்கும். தயவுசெய்து எதையும் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் இந்தச் சாட்சியங்கள் அத்தனையும் துணியோடு போய்விடும்.

எழுதிய முறையும் பேசும். ஜெர்மானியர் தேதியை நாள், மாதம், ஆண்டு என்று புள்ளியிட்டு எழுதுவார்கள். நீர்மூழ்கிப் படகின் பெயரை அலுவல் முறையில் 'யூ' எழுத்து, இடைவெளி, எண் என்றே எழுதினார்கள். நடுவில் சிறுகோடு இருந்தால் அதை வைத்தே போலி என்று தீர்ப்பு எழுதாதீர்கள், ஆனால் குறித்துக்கொள்ளுங்கள். தேதியிலும் நிதானம் வேண்டும். நாசகாரிச் சின்னத்தில் 'நார்விக் 10.4.1940' என்று இருந்தால், சின்னம் பிறந்தது ஜூனில்தானே என்று உடனே தூக்கிப் போடக் கூடாது. அது சண்டை நடந்த நாளின் நினைவாக இருக்கலாம். அதையே வழங்கிய நாள் என்று விற்பவர் சொன்னால்தான் பொய்.

உலோகம் தேறினாலும் வேலை பாதிதான் முடிந்தது. பெயருக்குக் காகிதம் வேண்டும். சின்னத்தோடு வந்த உரிமைச் சான்று, வீரரின் சம்பளப் புத்தகத்தில் உள்ள விருதுப் பதிவு, இவை குடும்பத்தின் கையிலிருந்தே வந்தால் நல்லது. பெர்லினில் படைவீரர் விவரங்களைக் காத்துவந்த அலுவலகம் 2019 முதல் ஜெர்மன் கூட்டரசு ஆவணக் காப்பகத்தின் பகுதி. நீர்மூழ்கிகளில் மடிந்தவர்களின் பெயர்கள் கீல் நகருக்கு அருகே மோல்டனோர்ட் நினைவிடத்தில் வெண்கலப் பலகைகளில் உள்ளன. நீர்மூழ்கிகளில் போனவர்கள் ஏறத்தாழ 40,000 பேர். திரும்பாதவர்கள் ஏறத்தாழ 30,000 பேர்.

நம்மை மயக்கக்கூடிய படகு ஒன்று உண்டு. யூ 180. 1943 பிப்ரவரியில் கீலிலிருந்து நேதாஜியை ஏற்றிக்கொண்டு கிளம்பி, ஏப்ரல் கடைசியில் மடகாஸ்கர் அருகே ஜப்பானிய நீர்மூழ்கிக்கு அவரை மாற்றிவிட்ட படகு. அதன் எண் வெட்டிய சின்னம் நம் ஊர்ச் சேகரிப்பாளர் முன்னால் வந்தால் கை நடுங்கும். விற்பவருக்கும் அது தெரியும். அந்தப் படகு போனது இரண்டே போர்ப் பயணம். இரண்டாவதில், 1944 ஆகஸ்டில், பிஸ்கே விரிகுடாவில் 56 பேரோடும் தொலைந்தது. ஆகவே கேள்விகள் வரிசையாக நிற்கும். இந்த மனிதர் முதல் பயணத்தில் மட்டும் போனவரா? அப்படியானால் இன்னொரு பயணம் எந்தப் படகில்? கடைசிப் பயணத்திலும் போனவர் என்றால், சின்னம் எப்படிக் கரையில் தங்கியது, யார் வீட்டில் இருந்தது?

என் பெட்டியில் ஒரு நீர்மூழ்கிச் சின்னம் இருக்கிறது. டோம்பாக். பின்னால் இரண்டு எழுத்துகள் மட்டும், உளியால் வெட்டியவை. கீறல்கள் அவற்றின்மேல் ஏறிப் போகின்றன. கூடவே காகிதம் எதுவும் வரவில்லை. அதற்கான அட்டையில் இரண்டு வரி எழுதிவைத்திருக்கிறேன். முதல் வரி: சின்னம் அசல், வெட்டு பழையது. இரண்டாவது வரியில் 'யாருடையது' என்று எழுதி, எதிரே இடம் விட்டிருக்கிறேன்.