மூன்று நம்பரும் சேர்ந்து இறங்கினால் பாட்டிலைத் திறக்காதீர்கள்

வணக்கம் மக்களே. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை. போன வீடியோவில் என் உப்புத் தண்ணீர் பவள டேங்குக்குக் கேஎச் (தண்ணீரின் காரத்தன்மை) 8.4, கால்சியம் 420, மெக்னீசியம் 1300 என்று பீற்றிக்கொண்டேனே, அதே டேங்கில் இப்போது கேஎச் 7.4, கால்சியம் 370, மெக்னீசியம் 1150.

முதலில் சந்தேகம் என் கண் மேல்தான். டேங்கின் நீல வெளிச்சத்தில் நிறம் பார்த்து ஒரு தடவை ஏமாந்தவன் நான். அதனால் இந்த முறை சமையலறை வெள்ளை லைட்டுக்கு அடியில், குப்பிக்குப் பின்னால் வெள்ளைத் தாளை வைத்து, கேஎச் டெஸ்ட் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் இளஞ்சிவப்பாகிற அந்த ஒரு சொட்டுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று தடவை. மூன்றிலும் 7.4.

இதைக் கமெண்டில் போட்டதும் ஆளாளுக்கு "குறைந்ததை ஏற்றுகிற மூன்று பாட்டிலையும் ஊற்றுங்கள்" என்கிறீர்கள். எனக்கு இதுதான் பிடிக்காது! நம்பரைப் பார்த்தவுடன் கை பாட்டிலுக்குப் போவது. கொஞ்சம் கணக்குப் போடுங்கள். பவளம் வளரும்போது கேஎச் 2.8 குறைந்தால் கால்சியம் 20 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 20 பங்கு) குறையும். என் கேஎச் இறங்கியது 1, அப்படியானால் கால்சியம் ஒரு 7 குறைந்திருக்க வேண்டும், மெக்னீசியம் அசைந்ததே தெரியக் கூடாது. ஆனால் 50 போயிருக்கிறது, 150 போயிருக்கிறது. வகுத்துப் பார்த்தால் மூன்றுமே கிட்டத்தட்ட 12 சதவீதம். பவளம் இப்படிப் பங்கு பிரித்துச் சாப்பிடாது. தண்ணீரில் உப்பே குறைந்திருக்கிறது.

ஆனால் உப்பளவு பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டர், இருக்க வேண்டிய 35-க்குப் பக்கத்தில் 34 காட்டுகிறதே என்று இரண்டு நாள் குழம்பினேன். அட, சொல்ல மறந்துவிட்டேன், போன மாதம் அது கைதவறிக் கீழே விழுந்தது, வீடியோவிலேயே சத்தம் கேட்டிருக்கும். அதற்கப்புறம் நான் அதைச் சரிபார்க்கவே இல்லை. சோம்பல், வேறென்ன. உப்பளவு சரியாக 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) உள்ள சோதனைத் திரவம் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தால், கோடு 38-ல் நிற்கிறது! 38! நேற்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன், ஒருவருக்கும் புரியவில்லை, எனக்கு மட்டும் அப்படி ஒரு சந்தோஷம். அப்படியென்றால் டேங்கில் உண்மையில் 31. அந்தக் குட்டித் திருகைத் திருப்பி 35-க்குக் கொண்டுவரவே அரை மணி நேரம் ஆனது, கொஞ்சம் அழுத்தினால் 33-க்குத் தாவுகிறது, விட்டால் 36.

சரி, உப்பு எங்கே போனது? ஸ்கிம்மர், அதாவது நுரை கிளப்பி அழுக்கைக் கோப்பையில் சேர்க்கிற கருவி. கறுப்பாகக் கெட்டியாக வரவேண்டியது ரொம்ப நாளாக வெளிறிய தண்ணீராகக் கோப்பையை நிரப்பிக்கொண்டிருந்தது, நானும் நல்லா வேலை செய்கிறது என்று தட்டிக்கொடுத்தேன். வெளியே போனது உப்புத் தண்ணீர், குறைகிற தண்ணீரைத் தானாக நிரப்புகிற ஆட்டோ டாப்-அப் ஈடுகட்டியது உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர்.

பாட்டிலை ஊற்றியிருந்தால் கால்சியம் இன்றைக்கு 420, அப்புறம் உப்பைச் சரிசெய்ததும் 470-க்குப் போய் நின்றிருக்கும். இப்போது டாப்-அப் வாளியில் உப்புத் தண்ணீர் வைத்திருக்கிறேன், ஒரு நாளைக்கு 1 பிபிடிக்கு மேல் ஏறவிடாமல். காலையில் உப்பு 32 வந்தது. ஸ்கிம்மருக்குள் தண்ணீர் மட்டத்தை இறக்கி வைத்துவிட்டேன், கோப்பை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, இதோ பாருங்கள்.