தைத்த தோளுக்கு எந்த ரைஃபிள்? டெக்சாஸ் மாப்பிள்ளை கேட்ட கேள்வி

வணக்கம். பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பேசுகிறேன். கீழே குக்கர் விசில் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த நேரத்தில்தான் இங்கே காற்று அடங்கி ஒலிவாங்கியில் இரைச்சல் குறைகிறது.

இராணுவத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன் நான் என்பது இந்தச் சேனலைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். டெக்சாஸில் இருக்கும் என் மாப்பிள்ளை போன வாரம் அழைத்து, "மாமா, வலது தோளில் கிழிந்த தசைநாரைத் தைத்து ஏழு மாதம் ஆகிறது, சுடலாம் என்று டாக்டர் அனுமதித்துவிட்டார், பழைய ரைஃபிளைத் தொடவே பயமாக இருக்கிறது, நவம்பர் மான் பருவத்துக்கு எதை வாங்கட்டும்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இன்று உங்களிடமும் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. இது முழுக்க டெக்சாஸ் சமாச்சாரம். நம் நாட்டில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். ஊட்டிக்குப் போகும் வழியில் பந்திப்பூர் சாலையோரம் மேயும் புள்ளிமானை நாம் பார்க்கலாம், அவ்வளவுதான். அங்கோ உரிமம் பெற்று, குறித்த பருவத்தில், குறித்த எண்ணிக்கைக்குள் வெள்ளைவால் மானைச் சுடுவதற்குச் சட்டமே இடம் தருகிறது.

மாப்பிள்ளை முதலில் மனத்தில் வைத்திருந்தது தோளில் ஊன்றும் கார்பன் இழைக் கட்டையும் மெல்லிய குழலும் கொண்ட, தொலைநோக்கியோடு சேர்த்தே மூன்று கிலோவைத் தொடாத மலைவேட்டை ரைஃபிள். தோள் நொந்திருக்கும்போது பாரம் குறைவாக இருந்தால் நல்லதுதானே என்பது அவருடைய கணக்கு. கடைக்காரரும் அதையே சொன்னாராம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் தலைகீழான கணக்கு. குண்டும் வெடிவாயுவும் முன்னே பாயும் உந்தத்துக்கு, அதாவது எடையும் வேகமும் சேர்ந்த தள்ளலுக்கு, ஈடாக ரைஃபிள் பின்னே வருகிறது; அதைத்தான் உதை என்கிறோம். அந்த உந்தம் தோட்டாவைப் பொறுத்தது, ரைஃபிளின் எடையால் அது மாறுவதில்லை. அதே உந்தத்தை வாங்கும் பொருள் இலேசாக இருந்தால் வேகம் கூடும், வேகம் கூடினால் தோளில் இறங்கும் ஆற்றல் கூடும். அவர் பல வருடமாக வைத்திருக்கும் தோட்டா .30-06 (முதல் எண் குண்டின் விட்டம், அங்குலத்தில்), 1906 இல் அமெரிக்க இராணுவத்துக்காக வந்த, இன்றும் மவுசு குறையாத தோட்டா. நான்கு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட ரைஃபிளில் அதைச் சுட்டால் ஏறத்தாழ 22 ஜூல் தோளுக்கு வருகிறது. அவர் ஆசைப்பட்ட இலேசான ரைஃபிளில் அதே தோட்டா 30 ஜூலைத் தாண்டும். அது .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற முரட்டுத் தோட்டாவின் உதைக்குக் கிட்டே போகிறது. ஆக, தூக்குவதற்குச் சுகமாக இருக்கிறதே என்று வாங்கியது, சுடும் அந்த ஒரு நொடியில் பழிவாங்கிவிடும்.

எங்கள் காலத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் 7.62 எஸ்எல்ஆர் ரைஃபிள் மகசீன் நிறைந்தால் ஐந்து கிலோவை எட்டும். தூக்கிக்கொண்டு ஓடும்போது எல்லாரும் அதைத் திட்டினோம். ஆனால் அந்த எடையும், வாயுவால் இயங்கும் அதன் பொறியமைப்பும் சேர்ந்துதான் உதையை நீட்டிப் பரப்பித் தள்ளலாக மாற்றின என்பது, அதற்கு முன் பழைய .303 ரைஃபிளைச் சுட்டவர்களுக்குத் தெரியும்.

சரி, எடையைக் கூட்டினால் மட்டும் போதுமா? போதாது, தோட்டாவையும் மாற்ற வேண்டும். நான்கு கிலோ ரைஃபிள் என்று வைத்துக்கொண்டால் .308 வின்செஸ்டர் 19 ஜூல் அளவில் உதைக்கும், 6.5 கிரீட்மோர் 15; .243 வின்செஸ்டர் 11 தான். .308 இன் வெடிமருந்து இருக்கும் பித்தளைக் கூட்டையே கழுத்தில் குறுக்கி, சிறிய குண்டு பொருத்தி 1955 இல் கொண்டுவந்ததுதான் இந்த .243. அதே கூட்டில் 1980 இல் வந்த 7 மி.மீ-08 ரெமிங்டனும் நல்ல தோட்டா. அதன் உதை 6.5 கிரீட்மோரை ஒட்டியே இருக்கும்.

என் தீர்ப்பு, முதல் பருவத்துக்கு .243. இதைச் சொன்னதும் மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "மாமா, அது அங்கே பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் தோட்டா." உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் சுடும் மானும் அதே மான்தானே! டெக்சாஸ் மலைப்பகுதி வெள்ளைவால் மான்கள் வடக்கு மாநிலங்களின் மான்களைவிட உருவத்தில் சிறியவை. பரண் போன்ற மறைவிடத்தில் உட்கார்ந்து நூறு கெஜம் அளவில் சுடுவதுதான் அங்கே பெரும்பாலும் வழக்கம். ஆறரை கிராம் எடையுள்ள, உள்ளே போய்ச் சிதறாமல் மலரும் வகைக் குண்டு முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, நெஞ்சுக்கூட்டில் பாய்ந்தால் அந்தத் தூரத்துக்கு அது தாராளம். ஸ்வீடனில் அந்த மானைவிடப் பல மடங்கு பெரிய மூஸ் விலங்கையே 6.5 மி.மீ குண்டு கொண்ட 6.5×55 தோட்டாவால் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வேட்டையாடி வருகிறார்கள். விட்டம் பெரிதாக இருந்தால்தான் விழும் என்பது ஆண்பிள்ளைப் பேச்சு.

தோளில் வலி இருப்பவன் விசையை இழுக்கும் முன்பே உடம்பை இறுக்குகிறான், கண்ணை மூடுகிறான், குழல் தாழ்ந்துவிடுகிறது. என்னைக் கவலைப்படுத்துவது இதுதான், ஏனென்றால் அப்படிச் சுட்ட மான் சாகாது; வயிற்றிலோ காலிலோ காயத்தோடு ஓடி எங்கோ புதரில் கிடந்து அவதிப்படும். பயிற்சியில் இதைக் கண்டுபிடிக்க நாங்கள் செய்த வேலை எளிமையானது. சுடுபவருக்குத் தெரியாமல் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே வெடிமருந்தே இல்லாத ஒரு போலித் தோட்டாவை வைத்துவிடுவோம். 'டிக்' என்ற சத்தத்தோடு குழல் முனை குனிந்தால் ஆள் மாட்டிக்கொண்டான். மாப்பிள்ளையும் நண்பர் ஒருவரை வைத்து இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

அடிக்கட்டையின் முனையில் நல்ல மென்மையான ரப்பர் பேட் வேண்டும். அது ஆற்றலைக் குறைக்காது, ஆனால் அது வந்து சேரும் நேரத்தை நீட்டும்; தோளுக்கு அதுவே பெரிய உதவி. கட்டையின் நீளம் கைக்குப் பொருந்தாவிட்டால் பேட் வைத்தும் பயனில்லை. கட்டை நீண்டிருந்தால் அதன் முனை தோள்மூட்டின் எலும்பில் போய் உட்கார்ந்து, தைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இடிக்கும். அது காறையெலும்புக்குக் கீழே, நெஞ்சுத் தசையின் பள்ளத்தில்தான் அமர வேண்டும். வலது முழங்கையைக் கோழி இறக்கைபோல் தூக்கி வைக்கும் பழைய பாணியையும் விட்டுவிட வேண்டும், ஏனென்றால் தைத்த நாருக்கு அதுவும் வேலை வைக்கும்.

குழல் முனையில் திருகி, வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் மசில் பிரேக் உதையை நன்றாகவே குறைக்கும். எனக்கு அது பிடிக்காது. பக்கவாட்டில் சிதறும் சத்தம் காதைப் பிளக்கும். அடைத்த பரணுக்குள் அதைச் சுடுவது பக்கத்தில் இருப்பவருக்குச் செய்யும் பாவம். டெக்சாஸில் சைலன்சரோடு வேட்டையாட அனுமதி உண்டு. முறையாகப் பதிவு செய்து அதைப் பொருத்தினால் சத்தமும் குறையும், உதையும் குறையும், முனையில் எடையும் கூடும்.

பயிற்சியை .22 ரைஃபிளில் தொடங்குவது நல்லது; அதில் உதை என்று சொல்ல ஒன்றுமில்லை. மானுக்கு மட்டும் அந்த .22 அங்கே சட்டப்படி ஆகாது. பெரிய ரைஃபிளை மேசையில் சாய்ந்து சுட்டுக் குறி சரிசெய்யும்போது கவனம் தேவை, ஏனென்றால் நின்று சுட்டால் உடம்பு பின்னே ஆடி உதையை வாங்கிக்கொள்ளும், மேசையில் குனிந்திருந்தால் ஆட இடமின்றி முழுவதும் தோளிலேயே இறங்கும். நாளுக்கு ஐந்தாறு தோட்டாவோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன். மறுநாள் காலையில் கையைத் தலைக்குமேல் தூக்கும்போது புதிதாக வலித்தால், ரைஃபிளை உறையில் போட்டுவிட்டு டாக்டரைத்தான் பார்க்க வேண்டும், என்னை அழைக்க வேண்டியதில்லை.

வருகிற சனிக்கிழமை அவர் கடைக்குப் போகிறார். விளம்பரத் தாளில் அச்சிட்ட எடையை நம்பாமல், தொலைநோக்கியும் வாரும் மாட்டிய பிறகு எடை போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். என் மகள் ஒவ்வொரு முறை இங்கிருந்து கிளம்பும்போதும் ஊறுகாயும் பருப்புப்பொடியும் அடைத்த பெட்டியைத் தொங்கவிட்டு நிறுக்கும் கைத்தராசு ஒன்று அவர்கள் வீட்டில் இருக்கிறது. அதைக் கையோடு எடுத்துப் போகிறேன் என்று மாப்பிள்ளை ஒப்புக்கொண்டிருக்கிறார்.