இரண்டாம் ஆண்டில் நின்றுபோகும் பணம்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில், உதவித்தொகை பெறும் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மாணவச் செல்வங்களே, பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

உதவித்தொகை வாங்கும் பிள்ளையை மேடையேற்றி, வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்கும் வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாததையும் அம்மா முந்திரி உடைத்துக் கை வெந்ததையும் நூறு பேர் முன்னால் அந்தப் பிள்ளை சொல்ல வேண்டும். பிறகு கைதட்டல், ஒரு போட்டோ. இன்று அது வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். படிப்பதற்கான பணத்துக்கு யாரும் தன் துயரத்தை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பணம் எங்கே சிக்கி நிற்கிறது, எப்படி விடுவிப்பது, விடுவிக்கத் தெரிந்த நீங்கள் அடுத்தவருக்கு என்ன செய்யலாம், இவற்றைப் பேசுவோம்.

வேலைக்கு உதவும் படிப்புகளைத் தரும் சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாடு நம் நாட்டில் முதலில் வேர்விட்டது நமக்குப் பக்கத்தில்தான். 1995இல் புதுவைப் பல்கலைக்கழகம் தொடங்கிய சமுதாயக் கல்லூரி லாஸ்பேட்டையில் இருக்கிறது. அங்கே படிப்பவருக்கும், இங்கே தேவனாம்பட்டினத்தில் பெரியார் கலைக் கல்லூரியில் படிப்பவருக்கும் உதவித்தொகைச் சிக்கல் பெரும்பாலும் ஒன்றுதான்.

முதலாண்டில் பணம் வந்துவிடுகிறது. சேர்க்கை நேரத்தில் எல்லாரும் சேர்ந்து விண்ணப்பிக்கிறார்கள், ஆசிரியர் கூடவே நிற்கிறார். இரண்டாம் ஆண்டில் நின்றுபோகிறது. ஒருமுறை கொடுத்தால் மூன்று ஆண்டும் தானாக வரும் என்று வீட்டில் நினைக்கிறார்கள். வராது. மத்திய அரசு உதவித்தொகைகளுக்கான இணையதளமான நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் ஒவ்வோர் ஆண்டும் 'புதுப்பித்தல்' என்று விண்ணப்பிக்க வேண்டும். பழைய விண்ணப்ப எண்ணை மறந்துவிட்டு 'புதிது' என்று போட்டால், ஒரே ஆளுக்கு இரண்டு விண்ணப்பம் என்று தள்ளுபடி ஆகும். விண்ணப்பித்ததோடும் வேலை முடியாது. கல்லூரி சரிபார்க்கும், அதற்கு மேல் இன்னொரு அலுவலர் சரிபார்ப்பார். ஏதாவது குறை இருந்தால் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள், அதற்குச் சில நாள்தான் கெடு. அந்தக் குறுஞ்செய்தி யாருடைய போனுக்குப் போகிறது? அவசரத்தில் பிரவுசிங் சென்டர்காரர் தன் எண்ணைப் போட்டிருப்பார். செய்தி அவருக்குப் போகும், உங்களுக்குத் தெரியாது, கெடு முடிந்துவிடும். ஆகவே விண்ணப்பத்தில் உங்கள் சொந்த எண்ணோ, எப்போதும் வீட்டில் இருக்கும் எண்ணோதான் இருக்க வேண்டும். விண்ணப்பித்த பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை உள்ளே போய் நிலையைப் பாருங்கள்.

எந்தத் திட்டத்துக்கு எது தேவை என்பதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆதிதிராவிடர் மாணவர்கள் பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பதற்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பிளஸ் டூவில் உயர்ந்த மதிப்பெண் எடுத்தவர்களுக்கான மத்திய அரசு உதவித்தொகைக்கு வரம்பு 4.5 லட்சம், இளநிலைப் பட்டப் படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். டிப்ளமோவுக்கு அது கிடையாது, சமுதாயக் கல்லூரிப் பிள்ளைகள் இதில் ஏமாந்துபோகிறார்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய்.

ரெட்டிச்சாவடியிலிருந்து முள்ளோடை எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் படிக்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை, நீங்கள் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநிலம்தான் கொடுக்கும். கல்லூரி புதுச்சேரியில் இருந்தாலும் விண்ணப்பம் தமிழ்நாட்டுக்கு. பாகூர்ப் பிள்ளை கடலூரில் படித்தால் விண்ணப்பம் புதுச்சேரிக்கு. மாற்றிப் போட்டால் இரண்டு பக்கமும் கை விரித்துவிடும்.

இப்போது வங்கி. இந்த விஷயத்தில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள், அதனால் நிதானமாகக் கேளுங்கள். "ஆதார் இணைச்சாச்சு சார்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். கணக்கு தொடங்கும்போது ஆதார் நகல் கொடுப்பது வேறு, அரசுப் பணம் வர அந்தக் கணக்கை ஆதாரோடு பிணைப்பது வேறு. அரசு, கணக்கு எண்ணைப் பார்க்காமல் ஆதார் எண்ணை வைத்தே பணம் அனுப்பும்போது, அந்த எண்ணோடு கடைசியாகப் பிணைக்கப்பட்ட வங்கி எதுவோ அங்கேதான் போகும். ஒருவருக்கு மூன்று கணக்கு இருக்கலாம், பிணைப்பு ஒன்றுக்குத்தான். புது சிம் வாங்கும்போது விரல் வைத்தீர்கள், அதோடு ஒரு பேமென்ட் வங்கிக் கணக்கும் திறந்து, பிணைப்பு அங்கே மாறியிருக்கலாம். நீங்கள் பழைய பாஸ்புக்கைப் பதிந்து பதிந்து பார்த்துக்கொண்டு இருப்பீர்கள், பணம் பெயரே தெரியாத கணக்கில் தூங்கும். ஆதார் ஆணையத்தின் மைஆதார் இணையதளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போனால், எந்த வங்கியோடு பிணைப்பு இருக்கிறது, நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். தவறான வங்கியாக இருந்தால், உங்களுக்கு வேண்டிய கிளைக்குப் போய், 'டிபிடிக்காக ஆதார் சீடிங்', அதாவது அரசுப் பணம் நேரடியாக வர ஆதார் பிணைப்பு என்று சொல்லி ஒப்புதல் படிவம் கொடுங்கள். சில நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

பள்ளியில் தொடங்கிய கணக்கு மைனர் கணக்காக இருந்தால், 18 வயது ஆனதும் கையெழுத்தும் கேஒய்சி என்னும் அடையாள ஆவணங்களும் புதிதாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள். பெயரிலும் சிக்கல் வரும்: மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு விண்ணப்பியுங்கள்.

பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்று உண்டு. விடுமுறையில் அம்மாவோடு உட்கார்ந்து முந்திரி உடைக்கிறார்கள். முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டால் தோல் கருகும். விரல் நுனியில் தோல் உரிந்து, ரேகை மழுங்கிப்போகும். கருவியில் விரலை வைத்தால் பச்சை விளக்கு எரியாது. அழுத்தி அழுத்தி வைத்துவிட்டு, "உங்க ரேகை வரலம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். அங்கிருந்து திரும்பி வராதீர்கள். கண் விழி, முகம், ஓடிபி என்று வேறு வழிகள் உண்டு, கேளுங்கள். ஓடிபிக்கு ஆதாரில் உங்கள் போன் எண் பதிவாகியிருக்க வேண்டும். 15 வயதில் செய்ய வேண்டிய ரேகைப் புதுப்பிப்பையே பலர் செய்யாமல் விட்டிருப்பார்கள், அதுவும் தடையாகும்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். வருகைப் பதிவு 75 சதவீதம் இல்லாவிட்டால் உதவித்தொகையும் போகும், தேர்வும் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள், அதில் 68 நாள் வர வேண்டும், விடக்கூடியது 22. வாரம் ஒரு நாள் வேலைக்குப் போனால் 18 வாரத்தில் 18 நாள் தீர்ந்தது. மிச்சம் நான்கு நாள்தான், காய்ச்சலுக்கும் மழைக்கும் வீட்டுக் காரியத்துக்கும். வாரத்தில் ஒரு நாள் லீவு போடுவதைவிட மாலை நேர வேலையோ சனி, ஞாயிறு வேலையோ தேடுவது நல்லது. சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் பிள்ளைகளுக்கு, மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு ஓடாது. வீட்டில் காசு இல்லாத அந்த மாதங்கள் முடியும்போதே அடுத்த ஆண்டுக் கட்டணம் வந்து நிற்கும். மார்ச்சிலேயே கல்லூரியில் எழுதிக் கொடுத்துத் தவணை கேளுங்கள். ஜூனில் கேட்டால் அபராதத்தோடு பேச வேண்டிவரும்.

கடலூரில் மழைக்காலம்தான் விண்ணப்பக் காலமும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல், அதைத் தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளம் எல்லாம் வீட்டுப் பெட்டிக்குள் நுழைந்தவை. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று போய் வர வேண்டும். புயல் வந்தால் அந்த அலுவலர்கள் எல்லாரும் நிவாரணப் பணிக்குப் போய்விடுவார்கள். ஆகஸ்டிலேயே வாங்கிவிடுங்கள். மதிப்பெண் சான்றை அரசின் இணையப் பெட்டகமான டிஜிலாக்கரில் ஏற்றிக்கொள்ளுங்கள். அசலைத் தடித்த பாலித்தீன் உறையில் போட்டு, வாயை மடித்து ஒட்டி, பரணில் வையுங்கள்.

இவ்வளவையும் ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்ட மாணவரைவிட நல்ல வழிகாட்டி எந்த அலுவலகத்திலும் கிடைக்க மாட்டார். இதைச் சேவை என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டுக்கு 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். மரம் நடுவதும் தெரு கூட்டுவதும் நல்ல காரியம்தான். திட்ட அலுவலரிடம் பேசி அதில் ஒரு பங்கை உதவித்தொகை மேசைக்கு ஒதுக்குங்கள். ஒரு மேசை, இரண்டு மாணவர், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நோட்டில் பெயர், வகுப்பு, திட்டம், விண்ணப்ப எண், எங்கே நிற்கிறது, அடுத்து பார்க்க வேண்டிய தேதி. ஆதார் எண்ணையும் பாஸ்வேர்டையும் அதில் எழுதவே கூடாது. ஓடிபியை அவரவரே அடிக்கட்டும், நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். ஒருவருடைய சாதியும் வருமானமும் உங்கள் கண்ணில் படும். அது மேசையை விட்டு வெளியே போகக் கூடாது.

பார்வையற்ற மாணவருக்குத் தேர்வு எழுதிக் கொடுப்பது இன்னொரு பணி. மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு, மூன்று மணித் தேர்வு நான்கு மணி ஆகும். யார் எழுதலாம் என்ற விதியைத் தேர்வு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, கடிதம் வாங்கிவிடுங்கள். தேர்வுக்கு முன் பழைய வினாத்தாள் ஒன்றை வைத்து அரை நாள் சேர்ந்து பழகுங்கள், அவர் சொல்லும் வேகம் உங்கள் கைக்குப் பிடிபட வேண்டும். தேர்வில் முதலில் வினாத்தாள் முழுவதையும் மதிப்பெண்ணோடு வாசித்துக் காட்டுங்கள். அவர் தப்பாகச் சொன்னாலும் சொன்னதைத்தான் எழுத வேண்டும். திருத்த நினைப்பது அன்புதான், ஆனால் அது அவருடைய தேர்வு. ஒவ்வொரு விடை முடிந்ததும் கடைசி இரண்டு வரியை வாசித்துக் காட்டுங்கள்.

இரத்த தானத்தைப் பற்றிச் சுருக்கமாக: 18 வயதும் 45 கிலோ எடையும் ஹீமோகுளோபின் 12.5ம் வேண்டும். விடுதிப் பிள்ளைகள் காலைச் சாப்பாடு சாப்பிடாமல் வந்து மயங்குகிறார்கள், சாப்பிட்டுவிட்டு வாருங்கள். 12.5க்குக் கீழே என்று திருப்பி அனுப்பப்பட்ட மாணவி அதோடு வீட்டுக்குப் போகக் கூடாது. அன்றே மருத்துவரைப் பார்க்கட்டும்.

மண்டப வாசலில் இரண்டு மேசை போட்டிருக்கிறது. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். போனையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு வரிசையில் நில்லுங்கள். உங்கள் பணம் எந்த வங்கிக்குப் போகும் என்று பார்த்துவிட்டுத்தான் இன்று பஸ் ஏற வேண்டும்.