தெர்மோஸ்டாட் மாற்றிய பிறகு கார் சூடாகிறதா? இன்ஜினை இறக்குவதற்கு முன் இதைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. போன வீடியோவில் இதே வாசலில் வைத்து தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடானதும் திறந்து, குளிர்விக்கிற திரவமான கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடுகிற வால்வு) நானே மாற்றிக் காட்டினேன் இல்லையா, அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் இன்று கேமராவை எடுத்தேன். பழைய தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டதால் இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் மேலே ஏறவே ஏறாது, மைலேஜும் குறைந்திருந்தது. அது சரியாகிவிட்டது. ஆனால் இப்போது வண்டி அளவுக்கு மீறிச் சூடாக ஆரம்பித்தது.

கோயம்புத்தூருக்குள் ஓட்டும்போது எதுவும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோத்தகிரி கிளம்பினேன், மேட்டுப்பாளையம் தாண்டி குஞ்சப்பனை ஏற்றத்தில் முள் பாதியை விட்டு மேலே போகிறது, ஏசியை அணைத்தும் இறங்கவில்லை. ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்தில் ரேடியேட்டர் மூடியில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள். 100 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் உள்ளே அழுத்தத்தோடு நிற்கிறது, திறந்தால் முகத்திலேயே அடிக்கும். நன்றாக ஆறட்டும்.

தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் போனில் கேட்டேன். "ஹெட் கேஸ்கெட்டாக இருக்கும், இன்ஜினைத் திறந்து பார்க்கணும்" என்றார். இன்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் கூலன்ட்டும் ஆயிலும் கலக்காமல் அடைத்து வைக்கிற தகடு அது. வயிறு கலங்கிவிட்டது. இரவு வீட்டுக்கு வந்து டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன், ஆயிலில் பால் கலந்த நிறம் இல்லை. ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளைப் பசை இல்லை. சைலன்சரில் தொடர்ந்து வெண்புகையும் இல்லை. இதை வைத்து மட்டும் கேஸ்கெட் நல்லது என்று சொல்லிவிட முடியாது, ஆனால் வேலை செய்வதற்கு முன்பு இல்லாத கோளாறு வேலை செய்த பிறகு வந்திருக்கிறது என்றால் முதலில் என் கை பட்ட இடங்களைத்தானே நான் பார்க்க வேண்டும்? கை பட்டது மூன்றே இடம்: தெர்மோஸ்டாட், கூலன்ட், ரேடியேட்டர் மூடி.

தெர்மோஸ்டாட் புதியது, காற்று போகிற சின்ன ஓட்டை மேலே பார்க்கிற மாதிரிதான் மாட்டியிருந்தேன். கூலன்ட்டில்தான் விஷயம் இருந்தது. இன்ஜின் சூடான பிறகு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தேன், நம் ஊரில் அந்தப் பக்கம் கையே போகாது என்பதால் இது எனக்கு முன்பே தோன்றவில்லை. வந்தது குளிர்ந்த காற்று! முள் மேலே நிற்கும்போது ஹீட்டரில் சூடு வரவில்லை என்றால் சுடுதண்ணீர் ஹீட்டர் வரைக்கும் சுற்றி வரவில்லை, அநேகமாக உள்ளே ஏர் லாக், அதாவது காற்று அடைத்துக்கொண்டு நிற்கிறது. சென்சார் இருக்கிற இடத்தில் தண்ணீருக்குப் பதில் காற்று நின்றால் ஃபேனும் நேரத்துக்கு ஓடாது. வடித்த கூலன்ட்டை அளந்து வைத்து, ஊற்றியதும் அதே அளவு வந்ததா என்று பார்த்திருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம். நீங்கள் கட்டாயம் அளந்து வையுங்கள்.

காற்றை எடுத்த விதம் சொல்கிறேன். மறுநாள் காலை, இன்ஜின் சுத்தமாகக் குளிர்ந்திருக்கும்போது, வாசல் சரிவில் வண்டியின் மூக்கு மேலே இருக்கிற மாதிரி நிறுத்தினேன். மூடியைத் திறந்து புனல் வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு ஸ்டார்ட் செய்தேன். ஆக்சிலேட்டரைத் தொடவில்லை. தெர்மோஸ்டாட் திறக்க நேரம் ஆகும், அதுவரை பொறுமையாக நில்லுங்கள், மேல் ஹோஸ் திடீரென்று சூடாகும்போது திறந்துவிட்டது என்று அர்த்தம். கையுறை போட்டு ஹோஸைப் பிசைந்து பிசைந்து விட்டால் குமிழ் குமிழாக வருகிறது, மட்டம் சரசரவென்று இறங்குகிறது. முக்கால் லிட்டர் கிட்ட இன்னும் குடித்தது. கடைசியில் ஹீட்டரில் அனல் அடித்தபோது அவ்வளவு நிம்மதி எனக்கு.

அப்புறம் மூடி. உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் கெட்டியாகி ஓரம் பிய்ந்திருந்தது, அன்றைக்கு நான் திறந்தபோதே பிய்ந்திருக்க வேண்டும். இந்த மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளே தண்ணீர் 120 டிகிரி வரைக்கும் கொதிக்காமல் நிற்கிறது. கோத்தகிரி 1,790 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அப்படியானால் மலையில் இந்த மூடி எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். வாங்கும்போது பழையதன் மேல் பொறித்திருக்கிற அழுத்த எண்ணையே கேட்டு வாங்குங்கள், கூடினதும் வேண்டாம், குறைந்ததும் வேண்டாம்.

நேற்று தனியாகவே கோத்தகிரி ஏறி இறங்கினேன், முள் பாதியைத் தாண்டவில்லை. இன்று காலை ரிசர்வ் டேங்க்கில் மட்டமும் கோட்டிலேயே நிற்கிறது. ஆனால் தெர்மோஸ்டாட் ஹவுசிங் ஓரத்தில், இதோ இங்கே, லேசாகப் பச்சைக் கறை தெரிகிறது பாருங்கள். ஊற்றும்போது சிந்தியதா, கசிகிறதா? துடைத்துவிட்டு அடியில் அட்டை விரித்திருக்கிறேன், நாளைக் காலை இன்ஜினை எழுப்புவதற்கு முன் அட்டையைப் பார்த்துவிட்டு வருகிறேன்.